சூடான பாதம், மெதுவான நாடி

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புதிய அவசரச் சிகிச்சைப் பிரிவைத் திறந்தார்கள். ஓய்வு பெற்ற எங்களில் சிலரையும் அழைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மானிட்டர். எங்கள் காலத்தில் இருந்த ஒரே மானிட்டரைக் கட்டிலுக்குக் கட்டில் உருட்டிக்கொண்டு ஓடுவோம். அதன் ஒரு சக்கரம் எப்போதும் சண்டித்தனம் செய்யும். புதியதைப் பார்த்தபோது பொறாமை வரவில்லை, மனசு நிறைவாகத்தான் இருந்தது.

விழா முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அபிராமி என்கிற இளம் நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்க கேஷுவாலிட்டியிலயே ரொம்ப வருஷம் இருந்தீங்கன்னு சொன்னாங்க. நியூரோஜெனிக் ஷாக் நேர்ல பாத்திருக்கீங்களா? எங்களுக்குப் பரீட்சைக்குப் படிச்சதோட சரி. நிஜமா ஒருத்தர் வந்தா கண்டுபிடிச்சிருவோமான்னு பயமா இருக்கு."

பார்த்திருக்கிறேன் என்று ஆரம்பிப்பதற்குள் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெண்ணின் கேள்வி என்னை விடவில்லை. நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமா அது? எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பாலக்கரைக்காரி. பெயர் ஜுலைகா. அத்தா செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற தொழில் செய்தார். பத்தாவது முடித்து, பிறகு பன்னிரண்டும் முடித்து நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆம்பளைங்களைத் தொட வேண்டியிருக்குமே என்றார்கள். "நோயாளியைத் தொட்டுத் தூக்குறது பாவம்னு எந்தக் கிதாபுல போட்டிருக்கு?" என்று அத்தா கேட்டார். அவர் அதிகம் படித்தவர் இல்லை. அவரே கூட்டிப் போய் என்னைச் சேர்த்துவிட்டார். பயிற்சிக் காலம் பெட்ஷீட் விரிப்பதிலும், ஊசி கொதிக்க வைப்பதிலும், சீனியர் சிஸ்டரிடம் திட்டு வாங்குவதிலும் ஓடியது. கல்யாணமானது. வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனார். நான் கேஷுவாலிட்டிக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் டாக்டர் ஞானசுந்தரம் இருந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேஷுவாலிட்டிக்குத் தலைவர் என்றாலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். என்ன சொல்கிறார் என்று கேட்க நாங்கள் எல்லோரும் கிட்டே போக வேண்டியிருக்கும். கிட்டே போனதும் நாங்களும் தானாக அமைதியாகிவிடுவோம். நோயாளி மயக்கத்தில் இருந்தாலும் காதருகே குனிந்து தன் பெயரைச் சொல்லுவார். "நான் ஞானசுந்தரம், டாக்டர். இப்ப உங்க வயித்தைத் தொடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வார். மார்கழி மாதமானால் டீ கிளாசைக் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். நோயாளிக்குக் குளிரக் கூடாது என்றுதான் செய்கிறார் என நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

"அதுக்கும்தான். ஆனா சிஸ்டர், என் கை சில்லுன்னு இருந்தா எனக்கு எல்லாரோட காலும் சூடாத்தான் தெரியும். கை பொய் சொல்லக் கூடாது" என்றார்.

முதலில் காலைத் தொடுவார், அப்புறம்தான் மணிக்கட்டு. சமயபுரம் சாலையில் லாரி மோதிய ஒருவரைக் கொண்டுவந்தபோது அதன் அருமையைக் கண்டேன். வெளியே சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. பேசிக்கொண்டிருந்தார், தண்ணீர் கேட்டார். டாக்டர் அவர் பாதத்தைத் தொட்டார். ஐஸ் மாதிரி இருந்தது. நெற்றியில் பிசுபிசுவென்று வேர்வை, நாடி குதிரை மாதிரி ஓடியது. "வெளிய ரத்தம் இல்லைன்னா உள்ள எங்கயோ போகுது" என்று ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். மண்ணீரல் கிழிந்திருந்தது. அந்த மனிதர் பிழைத்து, பொன்மலைப் பக்கம் மளிகைக்கடை வைத்து, ரம்ஜானுக்கு ரம்ஜான் எனக்கு வாழ்த்துச் சொல்ல வருவார்.

ரத்தம் குறைந்தால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். கைகால்களுக்குப் போகிற குழாய்களை இறுக்கிக்கொண்டு மிச்சமிருக்கும் ரத்தத்தை நெஞ்சுக்கும் மூளைக்கும் அனுப்பும், இதயத்தை வேகமாக ஓட்டும். அதனால்தான் அந்தக் குளிர்ந்த பாதமும் ஓடுகிற நாடியும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிற இந்த நிலையைத்தான் ஷாக் என்போம். நான் பார்த்தவை எல்லாம் அநேகமாக இப்படித்தான். இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் காவிரிக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. உள்ளே ஸ்ட்ரெச்சர் இல்லை, டீக்கடை பெஞ்சு ஒன்று இருந்தது. அதன்மேல் ஈர வேட்டியோடு ஒருவர் மல்லாந்து கிடந்தார். அவருடைய மார்பையும் தொடையையும் பெஞ்சோடு சேர்த்துத் துண்டுகளால் கட்டியிருந்தது. தலைமாட்டில் ஒருவர் மண்டியிட்டு அவர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். நாங்கள் போய் வாங்கிக்கொள்ள முயன்றபோதும் விடவில்லை.

"கையை எடுக்கலாமாம்மா? சார் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றார். ஸ்ரீரங்கத்தில் படித்துறைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த சேகர் அவர். சார் என்று அவர் சொன்னது பெஞ்சில் கிடந்த ரெங்கராஜனை. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், வயது நாற்பதைத் தாண்டியவர். ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். சின்ன வயதிலிருந்து குதித்த அதே இடத்தில் அன்றும் தலைகீழாகக் குதித்திருக்கிறார். போன வருடம் ஆள் முழுகுகிற ஆழம் இருந்த இடத்தில் இந்த வருடம் மணல் மேடு.

"மேல வரவே இல்லம்மா. குளிச்சிட்டிருந்த நாலு பேர் தூக்கினாங்க. கரையில எல்லாரும் குப்புறப் போட்டு வயித்தை அமுக்கு, தண்ணி வரும்னு சொன்னாங்க. சார் கண்ணைத் திறந்து 'சேகரு, கழுத்து போயிடுத்து, தலையை ஆட்டாதே'ன்னாரு. அதான் கடை பெஞ்சைக் கொண்டுவந்தேன்" என்றார் சேகர்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த டீக்கடைக்காரருக்காக நான் துஆ செய்கிறேன். அன்று நாங்கள் செய்த எல்லாமும் அவர் செய்ததற்கு மேல்தான் நின்றது.

கழுத்துக்குக் காலர் போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் சலைன் பாட்டில்களை முட்டுக்கொடுத்து நெற்றியோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். ஆக்ஸிஜன் வைத்தேன். ஹவுஸ் சர்ஜன் ஊசி ஏற்றி சலைனை ஓட விட்டார். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. வெளியே அவர் மனைவி கோமளா, அட்டெண்டரிடம் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "அவருக்கு நன்னா நீஞ்சத் தெரியும். அவர் எப்படி முழுகுவார், சொல்லுங்கோ."

ரெங்கராஜன் கண்ணைத் திறந்தபடியே இருந்தார். மூச்சு வயிற்றில் மட்டும்தான் ஏறி இறங்கியது. மார்பு அசையவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"சிஸ்டர், என் கால் எங்க இருக்கு?"

அவர் பாதத்தின் மேல் கையை வைத்தேன். "இங்கதான் சார் இருக்கு. நேரா, பத்திரமா இருக்கு."

"நீங்க தொட்டுண்டிருக்கேளா?"

"ஆமா சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் கையை எடுக்கவும் தோன்றவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஆற்றிலிருந்து ஈரத்தோடு எடுத்து, திறந்த வண்டியில் காற்றடிக்கக் கொண்டுவந்த ஆள். ரத்த அழுத்தம் இவ்வளவு கீழே. பாதம் சில்லிட்டிருக்க வேண்டும். அதுவோ சூடாக இருந்தது, காய்ந்து, செக்கச்செவேலென்று, அப்போதுதான் வெந்நீரில் குளித்து வந்தவர் கால் மாதிரி. நெற்றியில்கூட ஒரு துளி வேர்வை இல்லை. நாடியைப் பிடித்தேன். ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் ஞானசுந்தரம் வார்டிலிருந்து வந்தார். தன் பெயரைச் சொன்னார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு பாதத்தைத் தொட்டார். வாசலில் நின்ற கோமளா பதறினாள். "டாக்டர், நீங்க போய் அவர் காலைத் தொடறேளே."

"விஷயம் அங்கதாம்மா இருக்கு" என்றார் அவர், திரும்பாமலே.

ஈர வேட்டியை வெட்டி எடுத்துவிட்டுப் போர்வை போர்த்தும்போது நான் இன்னொன்றையும் பார்த்திருந்தேன். பாலக்கரையில், எங்கள் வீட்டில் வளர்ந்த ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. ஆனால் டாக்டருக்கு அது தேவைப்படும் என்று தெரியும். "சார், ஆண்குறி விறைச்சிருக்கு" என்றேன். நாடி எவ்வளவு என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவாரோ அப்படியே தலையாட்டினார். "நன்றி சிஸ்டர். முக்கியமான அடையாளம்" என்றவர் ஹவுஸ் சர்ஜனைப் பார்த்து, "எழுதிக்கங்க. இது அவர் செய்யுறது இல்ல. தண்டுவடம் பிடியை விட்டதால வர்றது" என்றார். அவ்வளவுதான். அந்த அறையில் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பிறகு உடம்பின் எந்த வார்த்தையும் எனக்குக் கூச்சமாக இருந்ததில்லை. அதற்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

இது நரம்பால் வருகிற நியூரோஜெனிக் ஷாக் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் டாக்டர் அவசரப்படவில்லை. இளம் நர்ஸ்களே, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

"கழுத்து உடைஞ்சவருக்கு வயித்துல ரத்தம் கொட்டினாலும் வலி தெரியாது. அமுக்கினா 'ஆ'ன்னு சொல்ல மாட்டார். இதயமும் வேகமா ஓடிக் காட்டிக்கொடுக்காது. அதனால ரத்தம் போகலைன்னு நாமதான் நிரூபிக்கணும். அதுக்கப்புறம்தான் நரம்பு மேல பழி போடலாம்" என்றார்.

ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வயிற்றில் ரத்தம் இல்லை. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் எடுத்த எக்ஸ்ரேயிலும் பழுது இல்லை. கழுத்துப் படத்தில் ஒரு எலும்பு நசுங்கி, தண்டுவடத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. இவ்வளவும் அந்தப் பெஞ்சில் வைத்தே எடுத்தோம். கட்டிலுக்கு மாற்றும்போது டாக்டரே தலையைப் பிடித்துக்கொண்டார். தலையைப் பிடிப்பவர் சொல்வதுதான் சட்டம். அவர் எண்ணிச் சொல்ல, நாங்கள் தோள், இடுப்பு, கால் என்று வரிசையாகப் பிடித்து, உருளைக்கட்டையை உருட்டுவது போல ஒரே உடம்பாகத் திருப்பி மாற்றினோம். வராண்டாவில் காத்திருந்த சேகர் தயங்கித் தயங்கி வந்து, "அம்மா, பெஞ்சை எடுத்துக்கட்டுமா? கடையில உக்கார ஒண்ணுமில்ல" என்றார். அத்தனை கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஹவுஸ் சர்ஜனுக்கு உறுத்தல். "சார், ரெண்டாவது பாட்டில் ஓடிட்டிருக்கு. தப்பு பண்ணிட்டேனா?"

"இல்ல. அடிபட்டு பி.பி. இறங்கி வந்தா ரத்தம் போகுதுன்னு நெனச்சுத்தான் ஆரம்பிக்கணும். உங்க இடத்துல நானும் அதைத்தான் செய்வேன். ஆனா அதுலயே நின்னுடக் கூடாது. இதுக்கு மேல ஊத்தினா பி.பி. ஏறாது, நுரையீரல்ல போய்த் தேங்கும்." சொட்டு வேகத்தைக் குறைத்துவிட்டு நார்அட்ரினலின் ஆரம்பிக்கச் சொன்னார். தளர்ந்துபோன குழாய்களை இறுக்குகிற மருந்து அது. சிரிஞ்ச் பம்பில் போட்டு, துளித்துளியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்த்து, மறுபடி கொஞ்சம் ஏற்றி... பாதத்தின் சிவப்பு மெல்ல மெல்லக் குறைந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கோமளாவிடம் அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். நான் படித்த எந்தப் பாடத்தைவிடவும் எனக்கு அதில்தான் நன்றாகப் புரிந்தது.

"அம்மா, அவர் உடம்புல ரத்தம் அப்படியேதான் இருக்கு. ஒரு குடம் நிறையத் தண்ணி இருக்குன்னு வச்சுக்குங்க. குடம் திடீர்னு அண்டா மாதிரி பெருசாயிட்டா? தண்ணி அதேதான், ஆனா அடியில கிடக்கும். விளிம்புக்கு வராது. மூளையிலேர்ந்து தண்டுவடம் வழியா ஒரு உத்தரவு எப்பவும் போயிட்டே இருக்கும், குழாயை எல்லாம் இறுக்கிப் பிடின்னு. கழுத்துல அந்த வழி அடைஞ்சுபோச்சு. இதயத்தை வேகமா ஓடுன்னு சொல்ற நரம்பும் அதே வழிதான். மெதுவாப் போன்னு சொல்ற நரம்பு மட்டும் வேற வழியா வர்றதால அது தப்பிச்சுடுச்சு. இப்ப அது ஒண்ணோட பேச்சுதான் எடுபடுது."

கோமளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "குடத்தைச் சின்னதாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"அதைத்தான் செஞ்சிட்டிருக்கோம். உயிர் தங்கும்னு நினைக்கிறேன். கைகால் எவ்வளவு திரும்பும்னு இன்னிக்குச் சொல்ல முடியாது. தெரியாததைச் சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன்."

மத்தியானத்துக்குள் ரெங்கராஜனின் மூச்சு தளர்ந்துவிட்டது. வயிற்றால் மட்டும் மூச்சு இழுத்து ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான்? தொண்டை வழியாகக் குழாய் போட்டு மூச்சு மெஷினில் சேர்க்க முடிவானது. மயக்க மருந்து டாக்டர் வந்தார். நான் தலையை இரண்டு கைக்கும் நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டேன். ஞானசுந்தரம் சார் அட்ரோபின் ஊசியை ஏற்கெனவே சிரிஞ்சில் எடுத்துக் கையில் வைத்திருந்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. குழாய் சுலபமாகப் போய்விட்டது. பிறகு தொண்டையில் சேர்ந்த சளியை எடுக்க உறிஞ்சு குழாயை விட்டதும் மானிட்டரின் சத்தம் தயங்கியது. ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. இன்னொரு துடிப்பு. அப்புறம் வெறும் கோடு.

"உறிஞ்சு குழாயை எடுங்க" என்றார் ஞானசுந்தரம் சார், எனக்கே அரைகுறையாகக் கேட்கும் குரலில். ஊசி ஏறியது. அந்தக் கோடு எவ்வளவு நேரம் ஓடியது என்று எனக்குத் தெரியாது. உள்ளுக்குள் யா அல்லாஹ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு துடிப்பு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது.

தொண்டையைச் சீண்டினால் இதயத்தை மெதுவாக்குகிற நரம்பு விழித்துக்கொள்ளும். நம் உடம்பில் அதைத் தடுக்க இன்னொரு நரம்பு இருக்கிறது, இவருக்கு அது வேலை செய்யவில்லை. அதனால்தான் மெதுவாக்குகிற நரம்பை அடக்கும் அட்ரோபின் தயாராக இருந்தது. அன்று முதல் அவருக்குச் சளி எடுக்கும்போதெல்லாம் முதலில் ஆக்ஸிஜன் நிறையக் கொடுத்து, அட்ரோபினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, குழாயை மெதுவாக விட்டுச் சட்டென்று எடுப்போம். அவரைப் பக்கவாட்டில் திருப்பும்போதும் அப்படித்தான்.

முதல் வாரம் ரத்த அழுத்தத்தைச் சாதாரண ஆளுக்கு வேண்டியதைவிடச் சற்று உயரத்திலேயே வைத்திருந்தோம். நசுங்கிய தண்டுவடத்தில் ஏதாவது உயிரோடு மிச்சமிருந்தால் அதற்கு ரத்தம் போய்ச் சேர வேண்டும். அறை குளிர்ந்தால் அவர் உடம்பும் குளிர்ந்துவிடும், வெயிலேறினால் அவருக்கும் சூடேறும். அதனால் ஏ.சி.யை நிறுத்துவதும் போடுவதும் போர்வையை மாற்றுவதுமே எங்களுக்கு ஒரு தனி வேலை. சிறுநீர்க் குழாய், புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, குதிகாலுக்குத் தலையணை. கோமளா எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் வாசலில் அழுதுகொண்டிருந்தவள், பின்னாட்களில் புது நர்ஸ் வந்தால் "அந்தப் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம்தான் ஆச்சு, இப்போ வேண்டாம்" என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டாள். கழுத்தெலும்பைச் சரிசெய்ய ஆபரேஷனும் நடந்தது. மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து ஒருநாள் நிறுத்தினோம். அழுத்தம் தானாக நின்றது.

இத்துடன் முடித்திருந்தால் இது வெற்றிக் கதையாக இருந்திருக்கும்.

மூச்சுக் குழாயை எடுத்த பிறகு ரெங்கராஜனுக்குக் குரல் திரும்ப நாளானது. தோளும் முழங்கையும் கொஞ்சம் அசைந்தன. விரல்கள் இல்லை, கால்கள் இல்லை. ஒரு காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வழக்கம்போலக் கட்டிலருகே நின்றபோது அவர் கேட்டார்.

"ஏன் சார் என்னைக் காப்பாத்தினேள்?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். கோமளா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எல்லாம் சரியாயிடும் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பொய்.

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் ரவுண்ட்ஸில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ரெங்கராஜன், எனக்குப் பதில் தெரியல. அன்னிக்கு யோசிக்க நேரம் இல்ல, செய்ய வேண்டியதைச் செஞ்சேன். ஒரு வருஷம் கழிச்சு என்கிட்ட இதே கேள்வியைக் கேளுங்க. அப்பவும் கேக்கணும்னு தோணினா நான் ஓடி ஒளிய மாட்டேன். உக்காந்து பேசுவோம்."

"ஒரு வருஷம் இருப்பேனா?"

"இருப்பீங்க. அதுக்கு நாங்க பொறுப்பு. சிஸ்டரும் கோமளாம்மாவும் சும்மா விட்டுடுவாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் கஞ்சி முழுவதையும் குடித்தார்.

ஒரு வருடம் ஆனபோது சக்கர நாற்காலியில் வந்தார். சேகர் தள்ளிக்கொண்டு வந்தார். மணிக்கட்டில் பலம் வந்திருந்தது. பட்டை வைத்துக் கட்டினால் ஸ்பூன் பிடிக்க முடிந்தது. காலில் சூடு, குளிர்ச்சி தெரிந்தது. பிசியோதெரபியில் இரண்டு கம்பிக்கு நடுவே தூக்கி நிறுத்தினால் கொஞ்ச நேரம் நிற்பார். பள்ளிக்கூடத்தில் அவரை விளையாட்டுப் போட்டிகளை ஏற்பாடு செய்கிற வேலையில் வைத்துக்கொண்டார்கள். டாக்டர் அவரைத் தன் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தப் போனார். ரெங்கராஜன், "சிஸ்டரும் இருக்கட்டும்" என்றார்.

"சரி. கேளுங்க" என்றார் டாக்டர்.

ரெங்கராஜன் யோசித்தார். "அந்தக் கேள்வி போகலை சார். இன்னும் இருக்கு. ஆனா தினமும் வரதில்லை."

டாக்டர் அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். நான் செய்த வேலைக்கு எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், இனிப்பு கொண்டுவந்திருக்கிறார்கள், பிள்ளைக்கு என் பெயரை வைத்தவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விட அந்தப் பதில்தான் எனக்குப் பெரிது. அதில் ஒரு வார்த்தைகூட எங்களைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொன்னதில்லை.

அபிராமிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்டுபிடித்துவிடுவாய் அம்மா. இப்போது மானிட்டர் நாடியைச் சொல்லும், அழுத்தத்தைச் சொல்லும். இரண்டும் சேர்ந்து கீழே இருந்தால், போர்வையை விலக்கிக் காலைத் தொட்டுப் பார். அதற்கு முன் உன் கையைத் தேய்த்துக்கொள். அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. நீ தனியாக நிற்க மாட்டாய். எனக்கு ஞானசுந்தரம் சார் இருந்தார், ஒரு நல்ல ஹவுஸ் சர்ஜன் இருந்தார், ஒரு டீக்கடைக்காரர் இருந்தார். உனக்கும் இருப்பார்கள்.

டாக்டர் இப்போது மகள் வீட்டோடு வெளியூரில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போனில் பேசுவோம். அவர் பேசுவதை விட நான்தான் அதிகம் பேசுவேன், அவர் குரல் இன்னும் அவ்வளவு மெதுவாகத்தான் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற பிறகு கோமளா ஸ்ரீரங்கத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். ரெங்கராஜனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் படித்துறையில் பெண்களுக்கு நீச்சல் வகுப்பு நடத்துகிறார். தண்ணீரில் இறங்கிப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பது கோமளா. கல்யாணத்துக்கு முன்பே அவர்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தாராம். மேல்படியில் நாற்காலியில் உட்கார்ந்து கட்டளையிடுவது அவர். முதலில் இறங்கி நடந்து அடியைப் பார்க்காமல் யாரும் தண்ணீருக்குள் போகக் கூடாது. தலைகீழாகக் குதிக்கவே கூடாது.

சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்டார். "உங்களுக்கு நீஞ்சத் தெரியுமோ சிஸ்டர்?"

"தெரியாது சார். எங்க வீட்ல யாருக்குமே தெரியாது. ஆத்தங்கரைக்கே விட மாட்டாங்க."

"அடுத்த வாரம் வாங்கோ."

வீட்டில் சொன்னபோது, குவைத்திலிருந்து திரும்பிவிட்ட என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அறுபது வயசுல காவிரியில குதிக்கப் போறியா?"

"குதிக்க மாட்டாங்களாம். நடந்துதான் இறங்கணுமாம்."

"அப்ப சரி" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படித்துறையில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தார்கள். கோமளா என் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, "படுங்கோ. கண்ணைத் திறந்துண்டே படுங்கோ" என்றாள். படுத்தேன். காதுக்குள் தண்ணீர் போனதும் கரைச் சத்தம் எல்லாம் நின்றது. வானம் மட்டும் தெரிந்தது. ஒரு கணம், நிஜமாகவே ஒரே ஒரு கணம், என் கனம் முழுவதும் எங்கோ போய்விட்டது. பிறகு மூக்கில் தண்ணீர் ஏறி, கைகாலை உதறி, மூழ்கி, கோமளா தோளைப் பிடித்துக்கொண்டு இருமியபடி எழுந்து நின்றேன். அந்தப் பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மேல்படியில் ரெங்கராஜன் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை மணிக்கட்டால் வாய்க்குத் தள்ளி ஊதினார். அவர் மூச்சுக்கு அது பலமாக வராது, ஆனால் கேட்கும்.

"பரவாயில்லை சிஸ்டர். மறுபடி" என்றார்.

மறுபடி படுத்தேன்.